மூடுபனி என்று பொய் சொன்ன தீவு

வட நோர்வேயின் ட்ரொம்சோவில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச நேரம் கார் ஓடினால் ஹோக்கோயா என்ற சிறிய தீவு வரும். கரையை ஒட்டிய நிலத்தில் வட்டமான பள்ளங்கள் கிடக்கின்றன. தண்ணீர் நிரம்பி, பார்ப்பதற்குச் சின்னக் குளங்கள் போலிருக்கும். 1944 நவம்பர் 12ஆம் திகதி டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை இந்தக் கரையோரத்தில் வைத்துத்தான் பிரித்தானிய விமானங்கள் கவிழ்த்தன. குறி தவறிய குண்டுகள் தோண்டிய பள்ளங்கள் அவை. என் மகனுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காக அங்கே போயிருந்தோம். பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு கேட்டான்: "அப்பா, இவ்வளவு பெரிய கப்பல் யாரைச் சுட்டது?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இருவரும் தேடினோம். விமானங்களை நோக்கிச் சுட்டதை விட்டுவிட்டால், அந்தக் கப்பலின் பெரிய பீரங்கிகள் எதிரியைத் தாக்கியது ஒரே ஒரு தடவைதான். 1943 செப்டெம்பர் 8ஆம் திகதி. ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற இன்னொரு பெரிய கப்பலும் ஒன்பது நாசகாரிக் கப்பல்களும் கூடவே போயிருந்தன. இவ்வளவும் போனது ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு. அங்கே அப்போது இருந்தவர்கள் சுமார் 150 நோர்வே வீரர்கள். சில மரவீடுகள், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்கள், வானிலையை அறிவித்துக்கொண்டிருந்த ஒரு வானொலி நிலையம். அவ்வளவுதான்.

நூற்றைம்பது பேரை அடிக்க ஏன் இந்தப் படை? இந்தக் கேள்விதான் 2018 ஓகஸ்டில் எங்கள் இருவரையும் அங்கே கொண்டுபோனது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நோர்வேக்கும் வடதுருவத்துக்கும் நடுவில், வட அகலக்கோடு 74 பாகைக்கும் 81 பாகைக்கும் இடையில் கிடக்கும் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். அதில் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். 1596 இல் வில்லெம் பாரென்ட்ஸ் என்ற டச்சு மாலுமி கண்டு, கூரான மலைகள் என்ற பொருளில் வைத்த பெயர். மொத்த நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் பனியாறுகளுக்குக் கீழே. மரம் என்று ஒன்று கிடையாது. துருவ வில்லோ என்ற செடி இருக்கிறது, அது தரையோடு படர்ந்து விரல் உயரத்தைத் தாண்டாது. நாங்கள் போய் இறங்கிய லோங்இயர்பியன் 78 பாகையில் இருக்கிறது. ஒக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பெப்ரவரி நடுவில்தான் அடிவானத்துக்கு மேலே வரும். ஏப்ரல் 20 அளவிலிருந்து ஓகஸ்ட் 23 வரை சூரியன் மறைவதே இல்லை.

இவ்வளவு வடக்கே மனிதர் குடியிருக்க முடிவதற்கு, அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் ஒரு கிளை தீவின் மேற்குக் கரையை உரசிக்கொண்டு போவதுதான் காரணம். அதனால் மேற்குப் பக்கக் கடல் கோடையில் பனிக்கட்டி இல்லாமல் திறந்திருக்கும். கப்பல் போகலாம், நிலக்கரி ஏற்றலாம். இந்த ஒரு நீரோட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் அங்கே நடந்த மற்றதெல்லாம் விளங்கும்.

போகிறவர்களுக்கு முதலில் கடவுச்சீட்டு பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்வால்பார்ட் நோர்வேயின் ஆட்சியில் உள்ளது. ஆனாலும் 1920 இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி தனி ஏற்பாடு கொண்டது, ஐரோப்பிய நாடுகளுக்குள் எல்லைச் சோதனையில்லாமல் போய்வரும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. உள்நாட்டுப் பயணம்தானே என்று நினைத்து நான் மகனின் கடவுச்சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். விமான நிலையத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இருப்பதைக் கண்டதும் நெஞ்சு திக்கென்றது. மனைவி காரில் கொண்டுவந்து தந்திராவிட்டால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை என்பது உண்மை. ஆனால் நோர்வே வழியாகத்தான் போய்த் திரும்ப வேண்டும் என்பதால், இரண்டு தடவை உள்ளே வர அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும். ஒரு தடவைக்கான விசாவோடு போனால் திரும்பி வரும்போது சிக்கல்.

மறுநாள் காலை தேவாலயத்தின் பக்கம் நடந்தோம். ஊருக்குள் நடப்பதற்குத் துவக்கு, அதாவது துப்பாக்கி, தேவையில்லை. ஊர் எல்லையில் சிவப்பு முக்கோணத்துக்குள் கரடி படம் போட்ட பலகை நிற்கிறது, ஸ்வால்பார்ட் முழுவதுக்கும் இது பொருந்தும் என்ற வாசகத்தோடு. அதைத் தாண்டினால் கரடியை விரட்டக்கூடிய கருவி கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். துவக்கு பிடித்துப் பழகாதவர்கள் வழிகாட்டியோடு போவதுதான் சரி.

தேவாலயத்துக்கு அருகே மலையடிவாரத்தில் வரிசை வரிசையாக மரக்கட்டைகள் நிலத்திலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. முழங்கால் உயரம், இடுப்பு உயரம். சாம்பல் நிறம், உச்சி பிளந்து நார் நாராக இருக்கிறது. விவரம் தெரியாதவர் வேலி போட்டுக் கைவிட்ட இடம் என்று கடந்துவிடுவார். உண்மையில் அவை வீடுகளின் கால்கள். இங்கே ஒன்றிரண்டு மீட்டருக்குக் கீழே நிலம் வருடம் முழுவதும் உறைந்தே கிடக்கும். வீட்டைத் தரையோடு கட்டினால் வீட்டுச் சூட்டில் அந்த உறைநிலம் இளகி, வீடு சரியும். அதனால் எல்லா வீடும் மரக்கால்களின் மேல்தான். 1943 செப்டெம்பர் 8 காலையில் ஷார்ன்ஹோர்ஸ்ட் ஃபியோர்டுக்குள் (பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் ஏறிய இடம்) வந்து சுட்டபோது பழைய லோங்இயர்பியன் எரிந்தது. 1921 இல் கட்டிய தேவாலயமும் போனது. இப்போது இருக்கும் தேவாலயம் 1958 இல் திறந்தது. வீடுகள் சாம்பலாகி, கால்கள் மட்டும் மிஞ்சின.

மகன் குனிந்து ஒரு கட்டையின் அடியில் கிடந்த ஆணியைப் பார்த்தான். துருவேறி விரல் அளவுக்குத் தடித்திருந்தது. எடுக்கப் போனவனைத் தடுத்தேன். 1945 வரையான மனிதத் தடயம் எதுவானாலும், ஆணி, தகரப்பேணி, உடைந்த கண்ணாடி என்று பார்க்காமல், ஸ்வால்பார்டில் தானாகவே பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்து. எடுக்கக்கூடாது, இடம் மாற்றவும் கூடாது. வெளியிடங்களில் அவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையும் பாதுகாப்பு வலயம். அதற்குள் கூடாரம் அடிக்கவோ தீ மூட்டவோ கூடாது. போர் முடிந்த வருடத்தையே சட்டம் எல்லையாக வைத்திருக்கிறது. இந்தச் சட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். எங்கள் ஊரில் உடைந்த வீடுகளின் கல்லும் நிலையும் எப்படி எப்படிப் போயின என்பதைப் பார்த்தவன் நான்.

ஆனால் எரிந்தபோது அந்த வீடுகளில் குடும்பங்கள் இல்லை. அவர்கள் இரண்டு வருடம் முன்பே போய்விட்டார்கள். 1941 ஓகஸ்ட் 25 அன்று எம்ப்ரெஸ் ஒஃப் கனடா என்ற பயணிகள் கப்பலில், போர்க்கப்பல்களின் துணையோடு, கனடியப் படையினர் வந்து இறங்கினார்கள். கூடவே பிரித்தானியரும் நோர்வேயரும் இருந்தார்கள். ஜெர்மனியின் கையில் நிலக்கரி சேரக்கூடாது என்பது நோக்கம். பாரன்ட்ஸ்பர்க்கிலும் மற்ற சோவியத் சுரங்கங்களிலும் இருந்த ஏறத்தாழ 2,000 பேரை ஆர்க்கேஞ்சலுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். சுமார் 800 நோர்வேயரைப் பிரித்தானியாவுக்கு ஏற்றினார்கள். வெட்டிக் குவித்திருந்த நாலரை இலட்சம் தொன் நிலக்கரிக்குத் தீ வைத்தார்கள்.

கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறியவர்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வந்தார். இலங்கைப் போரில், 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனம் முழுக்க வெளிக்கிட்டபோது அவர் எடுத்தது ஒரு சேலைப் பையும் அப்பாவின் படமும். அப்போது நான் இங்கே நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை. பக்கத்தில் மீன் வெட்டிய நோர்வே அம்மா ஒருவர், 1944 இல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஃபின்மார்க் முழுவதையும் எரித்த கதையை அன்றுதான் எனக்குச் சொன்னார். அவர் வீடும் எரிந்ததாம். அதற்கு முதல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

சரி, மூடுபனிக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் புகார் என்போம்.

1941 இல் ஆட்களை ஏற்றுவதற்கும் நிலக்கரியை எரிப்பதற்கும் பத்து நாள் அளவுக்குத் தேவைப்பட்டது. அத்தனை நாளும் ஜெர்மன் விமானம் ஒன்று வந்து எட்டிப் பார்த்தால் கதை முடிந்தது. அதனால் தீவில் இருந்த நோர்வே வானொலியாளர்கள் ஒன்றும் நடக்காதது போல வழமையான வானிலை அறிக்கையை நேரம் தவறாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வானம் தெளிவாக இருந்தபோதும் மூடுபனி என்று அறிவித்தார்கள். விமானங்கள் வரவில்லை. ஒரு உயிர் போகாமல் வேலை முடிந்தது.

இதை நான் புத்தகத்தில் வாசித்திருந்தேன். மூன்றாம் நாள்தான் உடம்பால் விளங்கிக்கொண்டேன்.

அன்று பாரன்ட்ஸ்பர்க்குக்குப் போகும் படகில் ஏறியிருந்தோம். இஸ்ஃபியோர்டன் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஃபியோர்ட். காலையில் எதிர்க்கரை மலைகள் கண்ணாடியில் பார்ப்பது போல் தெளிவு. தூரமே தெரியாது. தூசியும் ஈரமும் இல்லாத காற்றில் இருபது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போல் கண் ஏமாறும். 1961 அளவில் கைவிடப்பட்ட க்ருமான்ட் குடியிருப்பைக் கடந்துகொண்டிருந்தோம். உடைந்த ஜன்னல்களோடு செங்குத்தான கரையில் சில கட்டடங்கள். 1943 இல் அதுவும் அடிவாங்கிய இடம். கமராவை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் மேற்கே கடல்வாயில் ஒரு வெள்ளைக் கோடு. கால் மணித்தியாலம்கூட ஆகியிராது. மலை போனது, கரை போனது, படகின் முன்பக்கக் கொடி மட்டும் தெரிந்தது. வெதுவெதுப்பான நீரோட்டத்தின் ஈரக்காற்று குளிர்ந்த நீரின் மேல் வந்து படியும்போது இப்படி ஆகும் என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். படகோட்டி வேகத்தைக் குறைத்து ரேடாரைப் பார்த்தே ஓட்டினார். ரேடார் இல்லாத விமானி ஒருவன் இதற்குள் இறங்கத் துணிவானா என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு சொல், மூடுபனி என்ற ஒரு சொல், எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பது அப்போதுதான் உறைத்தது.

இங்கேதான் மகனின் கேள்விக்கும் பதில் இருந்தது. வட ஐரோப்பாவின் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது. ஐஸ்லாந்து, கிரீன்லாந்துப் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு எங்கே நகர்கிறது என்று தெரிந்தவன் நாளை எங்கே மழை, எங்கே தெளிவு என்று சொல்லலாம். பிரித்தானியாவுக்கு அந்த மேற்குப் பக்கம் கையில் இருந்தது. ஜெர்மனிக்கு இல்லை. போர் தொடங்கியதும் வானிலைத் தரவு இரகசியமாகிவிட்டது. சோவியத்துக்குப் போர்ச்சாமான் ஏற்றிய கப்பல் தொடர்கள் பனிக்கட்டியின் விளிம்புக்கும் நோர்வேக் கரைக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய கடலில்தான் போயாக வேண்டும். பனி விளிம்பு வடக்கே விலகினால் கப்பல்களும் விலகி ஓடலாம். நெருங்கினால் ஜெர்மன் விமானத்தளங்களின் வாய்க்குள் போக வேண்டும். 1942 ஜூலையில் பி.கியூ. 17 என்ற தொடரில் 24 வணிகக் கப்பல்கள் மூழ்கின. ஆகவே ஸ்பிட்ஸ்பெர்கனில் நின்று வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் வாசித்து வானொலியில் சொல்லும் ஒருவன், ஒரு படைப்பிரிவுக்குச் சமன்.

ஆட்களை ஏற்றிய சில வாரங்களிலேயே ஜெர்மனியர் விமானத்தில் வந்து லோங்இயர்பியனுக்கு அருகே அட்வென்ட் பள்ளத்தாக்கில் வானிலை நிலையம் வைத்தார்கள். அவர்களை விரட்ட 1942 மே மாதம் ஸ்கொட்லாந்திலிருந்து இஸ்பியோர்ன், செலிஸ் என்ற இரண்டு சின்னக் கப்பல்களில் 82 பேர் வந்தார்கள். தலைவர் ஐனார் ஸ்வெர்ட்ரூப், போருக்கு முன் இங்கே நிலக்கரிக் கம்பனியின் இயக்குநர். நிலத்தை உள்ளங்கை போல் அறிந்தவர். பாரன்ட்ஸ்பர்க் இருக்கும் குரோன்ஃபியோர்டனில் கடல் இன்னும் உறைந்திருந்தது. மே 14 அன்று பனியை உடைத்து வழி செய்துகொண்டிருந்தபோது நான்கு ஜெர்மன் கொண்டோர் விமானங்கள் வந்தன. ஒரு கப்பல் மூழ்கியது, மற்றது எரிந்தது. ஸ்வெர்ட்ரூப் உட்படப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வானொலி போனது, ஆயுதம் போனது, சாப்பாடும் போனது. உயிர் தப்பியவர்கள் பனிக்கட்டியின் மேல் நடந்து ஆளில்லாத பாரன்ட்ஸ்பர்க்குக்குப் போனார்கள். முந்தின வருடம் வெளியேறும்போது வெட்டிப்போட்ட பன்றிகள் குளிரில் கெடாமல் அப்படியே கிடந்தன. அதைச் சாப்பிட்டுத்தான் தாக்குப்பிடித்தார்கள், பிரித்தானியக் கடல் விமானம் ஒன்று தேடி வந்து கண்டுபிடிக்கும்வரை.

நாங்கள் பாரன்ட்ஸ்பர்க் துறையில் இறங்கியபோது மூடுபனி கொஞ்சம் விலகியிருந்தது. துறையிலிருந்து ஊருக்குப் போக நீளமான மரப்படிகள். மற்றவர்கள் லெனின் சிலையைப் பார்க்க மேலே ஏறினார்கள். நாங்கள் இருவரும் பாதிப்படியில் நின்று கீழே ஃபியோர்டைப் பார்த்தோம். அந்த மே மாதம் பனியாக இருந்த இடம் அன்று ஈயம் போல் அசையாமல் கிடந்த தண்ணீர். கல்லோ பலகையோ எங்கள் கண்ணில் படவில்லை. முதலில் வாசித்துவிட்டுப் போனதால்தான் அங்கே நின்றோம். ஸ்வால்பார்டுக்குப் போகிற எவருக்கும் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: வரைபடம் ஒன்றில் திகதியையும் இடத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். நிலம் தானாக ஒன்றும் சொல்லாது.

எஞ்சிய அனுபவத்தையும் சொல்கிறேன். ஓகஸ்டில் வெப்பநிலை 5 பாகை அளவில்தான், நோர்வேக்காரருக்கு அது குளிரே இல்லை. ஆனால் படகின் மேல்தளத்துக் காற்றில் ஒரு மணித்தியாலம் நின்றால் எலும்பில் ஏறும். பருத்தி உள்ளாடை வேண்டாம், ஈரமானால் உடம்போடு ஒட்டிக் குளிரைக் கூட்டும். கம்பளியை உள்ளே போட்டு, காற்றுப் புகாத அங்கியை மேலே போடுங்கள். போனை உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள், வெளிப்பையில் என் போன் பாதி பட்டரியோடு அணைந்துபோனது. நித்திரைக்குக் கண்மறைப்புத் துணி கட்டாயம். இரவு ஒரு மணிக்கு ஜன்னலில் வெயில் அடிக்கும். நூதனசாலையிலும் பல விடுதிகளிலும் சப்பாத்தை வாசலிலேயே கழற்ற வேண்டும். கரித்தூசியோடு வந்த சுரங்கத் தொழிலாளரின் காலத்துப் பழக்கம், எங்களுக்குப் புதிதில்லை. 2025 இலிருந்து விதிகள் இறுகியுள்ளன. பனிக்கரடியிலிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் எங்கே கரையிறங்கலாம் என்பதற்கும் வரம்பு வந்துவிட்டது.

நாங்கள் போக முடியாத இடம் ஒன்று உண்டு. வடகிழக்கே நூர்டாஸ்ட்லாந்து தீவில் ரைப்ஃபியோர்டன். வெப்ப நீரோட்டம் எட்டாத குளிர்ப் பக்கம். 1944 செப்டெம்பரில் வில்ஹெல்ம் டேகே என்ற புவியியலாளர் தலைமையில் 11 ஜெர்மனியர் அங்கே வானிலை நிலையம் வைத்தார்கள். அவர்களைச் சுடப் பெரிய கப்பல் எதுவும் போகவில்லை. 1945 மே மாதம் போர் முடிந்தது. அவர்களை எடுத்துவர எவரும் வரவில்லை. சங்கேதமில்லாமல் வெளிப்படையாக வானிலையைச் சொல்லிக்கொண்டு கோடை முழுதும் காத்திருந்தார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதிதான் நோர்வேயின் கடல்நாய் வேட்டைக் கப்பல் ஒன்று போய் அவர்களிடம் சரணடைவைப் பெற்றது. ஜப்பான் சரணடைவில் கையெழுத்திட்டு இரண்டு நாள் கழித்து. அந்தப் போரில் கடைசியாக ஆயுதம் கீழே வைத்த ஜெர்மன் பிரிவு அதுதான். அவர்கள் குடிசை இன்றும் அங்கே நிற்கிறது. வரைபடத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டபடி மகன் கேட்டான், "நாலு மாதம் என்ன செய்திருப்பினம்?" நான் சொன்னேன், "காற்றை அளந்திருப்பினம்."

ஐந்தாம் நாள் திரும்ப வேண்டும். விமான நிலையத்தில் பொருட்களைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். ஓடுபாதையின் கடல் பக்க முனை தெரியவில்லை. பிறகு நடுப்பகுதி போனது. எங்களை ஏற்ற வரும் விமானம் தலைக்கு மேலே வந்தது, இரைச்சல் கட்டடத்தை அதிரவைத்தது, ஆனால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லோரும் மேலே பார்த்தார்கள். இரைச்சல் ஒருமுறை சுற்றியது. இன்னொருமுறை. பிறகு தெற்கே தேய்ந்து போனது. விமானம் ட்ரொம்சோவுக்கே திரும்பிவிட்டது, நாளைக்குத்தான் என்று அறிவித்தார்கள்.

மகன் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, இதைத்தானே அவை பொய்யாகச் சொன்னது?"

"ஓம்," என்றேன். பைகளை எடுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். போகிறவர்கள் கையில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.